அந்தக் கிழவனை யாரும் கொண்டாடவில்லை

2023 ஜூன் 29 அன்று மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ திரைக்கு வந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து சட்டமன்ற உறுப்பினரான ஒருவர் தன்னைவிட இளையவன் முன்னால் நாற்காலியில் உட்காரத் தயங்குவது ஏன் என்று கேட்ட படம் அது. அந்தத் தயக்கத்தை உண்டாக்குகிற சாதித் திமிரின் உருவமாக ரத்னவேலு என்ற பாத்திரத்தில் பகத் பாசில் நடித்திருந்தார். பந்தயத்தில் தோற்றுவிட்டது என்பதற்காகத் தன் சொந்த நாயையே அடித்துக் கொல்கிறவன் ரத்னவேலு. பார்க்கிறவர் அருவருத்து ஒதுங்கவேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட பாத்திரம். ஆனால், படம் ஓடிடி தளத்துக்கு வந்த சில நாட்களில் நடந்தது வேறு. ரத்னவேலு நடந்துவரும் காட்சிகளை, முறைக்கும் காட்சிகளை, அடிக்கும் காட்சிகளை வெட்டியெடுத்து, பின்னணியில் சாதிப் பெருமைப் பாடல்களை ஓட்டி, கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்கு அனுப்பினார்கள் இளைஞர்கள். ஒரு சாதியார் மட்டும் அப்படிச் செய்யவில்லை. பல சாதியாரும் அவனைத் தங்கள் ஆளாக உரிமை கொண்டாடினார்கள். அதே படத்தில் கோயில் கிணற்றில் குளித்ததற்காகக் கல்லால் அடித்துக் கொல்லப்பட்ட சிறுவர்களின் காட்சியை யாரும் அப்படிப் பரப்பவில்லை.

இதை நடிகரின் திறமைக்குக் கிடைத்த பாராட்டு என்று கடந்துபோனவர்கள் உண்டு. இளைஞர்களின் அறியாமை என்று அலுத்துக்கொண்டவர்களும் உண்டு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இதே இயக்குநரின் முதல் படத்தில் ரத்னவேலுவைவிடக் கொடியவன் ஒருவன் வருகிறான். அவனுக்கு ஒரு ரசிகர் மன்றமும் உருவாகவில்லை, அவன் பெயரில் ஒரு துண்டுக் காணொளியும் கொண்டாட்டமாக உலவவில்லை. ‘பரியேறும் பெருமாள்’ படத்தின் கிழவனைத்தான் சொல்கிறேன். இந்த வேறுபாடு தற்செயலானது இல்லை. சாதிக்கொலையையோ இனவெறிக் கொலையையோ திரையில் காட்டும்போது எவ்வளவு ரத்தம் காட்டுகிறோம் என்பதைவிட, கேமரா யார் பக்கத்தில் நிற்கிறது என்பதே முக்கியம். படத்திலிருந்து அந்தக் காட்சியை மட்டும் கத்தரித்து எடுத்தால் அது யாருக்கு உதவும் என்று கேட்டுப் பார்க்கவேண்டும். கொலைகாரனுக்கு உதவும் என்றால், அந்தப் படத்தின் நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தக் காட்சி தோற்றுவிட்டது.

படம் கத்தரிக்கப்படாமல் பார்க்கப்பட்ட காலம் முடிந்துவிட்டதால் இந்தக் கேள்வி இன்று அவசரமானது. கொடைக்கானலிலிருந்து மேற்கே மேல்மலைச் சாலையில் போனால் வரும் பூம்பாறையையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ஒரு பிள்ளைக்கு சினிமா என்பது பெரும்பாலும் உள்ளங்கையளவுத் திரைதான். இரண்டரை மணி நேரப் படம் அந்தத் திரைக்கு முப்பது விநாடித் துண்டுகளாக வந்து சேருகிறது. முன்கதையும் பின்கதையும் அறுந்து, கொலை மட்டும் வருகிறது. கேமரா எங்கே நிற்கிறது என்பதன் வலிமையை அந்த ஊரே நன்றாகக் காட்டும். சாலையோரப் பார்வைமுனையில் வண்டியை நிறுத்துகிறவர்கள் எடுக்கும் படங்களில் வண்ண வண்ண ஓட்டு வீடுகளும், மலைச்சரிவில் அடுக்கடுக்காக இறங்கும் வயல்களும், குழந்தை வேலப்பர் கோயிலும் இருக்கும். அந்த அடுக்குகளில் குனிந்து பூண்டு பிடுங்குகிறவரின் முகம் இருக்காது. 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பிடுங்குகிற கைகளுக்கு எந்தக் குறியீடும் கிடையாது. பழனிமலையைப் பற்றி எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர்களின் குறிப்புகளில் அந்த மலையின் புலையர்கள் நிலமுடையோருக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த உழைப்பாளிகளாகவே வருகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அழகு. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் ஒரு தரப்பு காணாமல் போகிறது.

கொடைக்கானலே இனப் பாகுபாட்டின் மேல் எழுந்த ஊர்தான். 1845இல் சமவெளியின் வெக்கைக்கும் காய்ச்சலுக்கும் தப்பி ஏறிவந்த அமெரிக்க மதுரை மிஷன் பாதிரியார்கள் அதற்கு அடித்தளமிட்டார்கள். 1901இல் தங்கள் பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கினார்கள். மலைச்சாலை வருவதற்கு முன்பு வெள்ளையர் பலர் நாற்காலியில் உட்கார்ந்தபடி தமிழ்க் கூலிகளின் தோளில் ஏறித்தான் மேலே வந்தார்கள். ‘இனவெறி வெள்ளைக்காரன் பிரச்சினை, சாதி வேறு’ என்று சொல்லி ஒதுங்குகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா. நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியைச் சேர்க்கக்கூடாது என்று இந்திய அரசு பிடிவாதமாக நின்றது. அடுத்த ஆண்டே ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்பின் அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தெளிவுபடுத்தியது. சுமந்த தோள் ஒன்றுதான். மேலே உட்கார்ந்தவரின் நிறம் மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது. ஆகவே இனவெறிப் படங்கள் கற்ற பாடமும் தவறவிட்ட பாடமும் நமக்கும் உரியவை.

டோனி கே இயக்கி 1998இல் வந்த ‘அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்’ உலகெங்கும் பேசப்பட்ட இனவெறி எதிர்ப்புப் படம். அதில் எட்வர்ட் நார்ட்டன் நடித்த நாஜி இளைஞன், தன் வண்டியைத் திருடவந்த கறுப்பின இளைஞன் ஒருவனைத் தெருவோர நடைபாதை விளிம்பில் பல்லைப் பதிக்கச் செய்து கொல்கிறான். பார்த்தவர் யாரும் அதை மறந்ததாகச் சொல்வதில்லை. கொலை நடக்கும் கணத்தில் கேமரா காயத்தை நெருங்குவதில்லை. சத்தமே வேலையைச் செய்கிறது. அந்த அளவில் அது கட்டுப்பாடான காட்சிதான். ஆனால் அடுத்த நிமிடம் என்ன நடக்கிறது? காவலர்கள் சூழ்கிறார்கள். மார்பில் ஸ்வஸ்திகா பச்சை குத்தியவன் கையை உயர்த்தித் திரும்பி, தன் தம்பியைப் பார்த்துச் சிரிக்கிறான். கறுப்பு வெள்ளையில், மெதுவோட்டத்தில், தேவாலயப் பாடல் போன்ற இசையோடு அவனைச் சிலைபோல் காட்டுகிறது படம். செத்தவன் யார், அவனுக்காக அழ வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு அங்கே இடமில்லை. பின்பாதியில் அவன் சிறையில் திருந்துகிறான், உண்மைதான். ஆனால் திருந்தியவனை யாரும் சுவரொட்டியாக ஒட்டிவைக்கவில்லை. மார்பில் பச்சை குத்திய அந்தச் சிரிப்புத்தான் படத்தைவிட்டு வெளியேறித் தனியாக உலவுகிறது. கால் நூற்றாண்டு கழித்து ரத்னவேலுவுக்கு நேர்ந்ததும் இதுதான்.

இப்போது ‘பரியேறும் பெருமாள்’ படத்துக்கு வருவோம். பா.இரஞ்சித்தின் நீலம் தயாரித்து 2018 செப்டம்பர் 28 அன்று வந்த படம். முதல் சில நிமிடங்களிலேயே ஒரு கொடூர மரணம். புளியங்குளத்து இளைஞர்களின் வேட்டைநாய் கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். ரயில் வருகிறது, படத்தின் நாயகன் பரியன் ஓடுகிறான், எட்டமுடியவில்லை. கட்டியவர்களுக்கு ஒரு கதாநாயக நடையோ வசனமோ கிடையாது. படம் அவர்களின் பின்னால் போகாமல் கருப்பியின் பின்னால் போகிறது. ஊரே திரண்டு, மனிதருக்குச் செய்வதுபோல் அழுது எடுத்து அடக்கம் செய்கிறது. இந்தக் காட்சியைத் தனியே வெட்டி எடுங்கள். எந்தச் சாதிப் பாட்டை அதன்மேல் ஓட்டினாலும் பொருந்தாது. ஒரு விலங்கின் உயிரும் ஓர் ஊரின் இழவும் தவிர அந்தத் துண்டில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

அதன் பிறகுதான் அந்தக் கிழவன் வருகிறான். கராத்தே வெங்கடேசன் நடித்த அந்த மேஸ்திரித் தாத்தா, பேருந்தில் நம் பக்கத்தில் உட்கார்ந்தால் இடம் நகர்ந்து கொடுப்போம் என்கிற மாதிரியான ஆள். மெலிந்த உடம்பு, சாதாரண வேட்டி, சாதாரணப் பேச்சு. பேருந்துப் படியில் நின்ற இளைஞன் ஒருவன் விழுந்து சாகிறான். ஆற்றில் இறங்கிய இன்னொருவன் மூழ்கிச் சாகிறான். ஒரு பெண் வீட்டில் தூக்கில் தொங்குகிறாள். மூன்றையும் செய்தவன் அவன். குலசாமிக்குச் செய்கிற கடமை என்று நம்பி, கூலிவேலைக்குப் போவதுபோல் போய், முடித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறான். கோபம் இல்லை, முறைப்பு இல்லை, இசை முழங்குவதில்லை. அந்தக் கொலைகளில் கொண்டாட ஒரு வீரச்செயலும் கிடையாது. ஒரு வேலை முடிகிறது, அவ்வளவுதான். தமிழ் சினிமா காட்டிய கொலைகாரர்களில் இவ்வளவு அச்சமூட்டும் ஒருவனை நான் அறியேன். அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது? அவன் செய்யும் ஒவ்வொன்றும் மறுநாள் செய்தித்தாளில் விபத்தாகவும் தற்கொலையாகவும் வெளியாகும் என்று நமக்குத் தெரிந்துவிடுவதிலிருந்து வருகிறது.

இது கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு மலைக்கோயிலுக்கு வந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவருடைய உடல் கிடந்தது. தற்கொலை செய்துகொள்வதாக அவரையே பேசவைத்து எடுத்த காணொளியும் இருந்தது. கிழவனின் வேலை எப்படி நடக்குமோ அப்படித்தான். கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவும், விடாத தாயும், வழக்கைத் தோளில் சுமந்த வழக்கறிஞர்களும் இல்லாவிட்டால் அது சந்தேக மரணமாகவே முடிந்திருக்கும். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் அதன் பெரும்பகுதியை உறுதிசெய்தது. அதற்கும் முன்பு, 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் சாதி மீறி மணந்த கண்ணகியும் முருகேசனும் காதில் மூக்கில் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 18 ஆண்டுகள் ஆயின. தண்டிக்கப்பட்டவர்களில் காவல்துறையினரும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. கொலை செய்வது ஒருவர் வேலை, அதை வேறொன்றாக எழுதிவைப்பது இன்னொருவர் வேலை. தண்டவாளத்தில் கிடைக்கும் ஒவ்வொரு உடலும் கொலைதான் என்று நான் சொல்லவரவில்லை. அப்படித் தண்டவாளத்தருகே கிடந்த தருமபுரி இளவரசனின் மரணத்தை விசாரித்த நீதியரசர் சிங்காரவேலு ஆணையம் அது தற்கொலை என்றே முடிவு சொன்னது. நான் சொல்வது, கேள்வி கேட்காமல் கோப்பை மூடிவிடும் பழக்கத்தைப் பற்றி. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு என்று நெடுங்காலம் அறியப்பட்ட, புதிய சட்டத்தில் 194 என்று எண் மாறிய அந்தச் சந்தேக மரணப் பிரிவின் கீழ் ஒரு வரி எழுதிவிட்டால் பல நேரங்களில் கதை அத்தோடு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் யார் நின்றிருக்கக்கூடும் என்று சாதாரணப் பார்வையாளனுக்கு ஒரு படம் கற்றுக்கொடுத்தது என்றால், அந்தக் கிழவனின் காட்சிகளால்தான்.

‘மனிதர் செத்தால் கலங்காதவர்கள் நாய் செத்ததற்கு அழுதார்கள், இது என்ன நியாயம்?’ என்று அந்தப் படத்தைப் பற்றி ஒரு குறை சொல்லப்படுவதுண்டு. கேள்வியில் இருக்கும் வலி உண்மையானது. ஒடுக்கப்பட்ட மனிதனின் சாவுக்குப் பழகிப்போன கண், பழகாத ஒன்றுக்குத்தான் கலங்குகிறது என்பது அவமானம்தான். ஆனால் படம் அந்தக் கண்ணீரை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. கடைசியில் அதே மாதிரியான தண்டவாளத்தில் நினைவிழந்து கிடத்தப்படுகிறவன் பரியன். கருப்பியைக் கட்டியது ஒத்திகை என்று அப்போது விளங்குகிறது. நாய்க்கு அழுதவர் அந்த இடத்தில் மனிதனுக்காகப் பதறுகிறார், பதறும்போதே முதலில் எதற்கு அழுதோம் என்றும் யோசிக்கிறார். அழத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கி, அழ மறுத்த இடத்துக்குக் கூட்டிப்போகிறது படம். இதைவிட நேரான வழி இருந்திருக்கலாம். இவ்வளவு பேரை அது கூட்டிப்போயிருக்குமா என்பது சந்தேகமே.

இன்னொரு மறுப்பு கனமானது. கொலையை மறைத்து, மென்மையாக்கிக் காட்டுவது கொலைகாரருக்குச் செய்யும் உதவி என்பார்கள். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டதை எப்படி மென்மையாகக் காட்ட முடியும்? அமெரிக்காவில் 1955இல் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டபோது, சவப்பெட்டியைத் திறந்துவையுங்கள், என் மகனுக்கு என்ன செய்தார்கள் என்று உலகம் பார்க்கட்டும் என்று தாய் மேமி டில் உறுதியாக நின்றார். சிதைந்த அந்த முகத்தின் படத்தை ‘ஜெட்’ இதழ் வெளியிட்டது. குடிமை உரிமைப் போராட்டத்துக்கு அது தீமூட்டியது. அப்படியிருக்க, காட்டவேண்டாம் என்று சொல்வது எப்படிச் சரியாகும்? நான் காட்டவேண்டாம் என்று சொல்லவில்லை. மேமி டில் உலகுக்குக் காட்டியது என்ன என்று கவனிக்கச் சொல்கிறேன். கொலை நடந்த கணத்தை அவர் காட்டவில்லை, கொலை விட்டுச்சென்றதைக் காட்டினார். காட்டுவதா வேண்டாமா என்று முடிவுசெய்தவரும் தாய்தான், கொன்றவர்கள் இல்லை. அந்த வரலாற்றை 2022இல் ‘டில்’ என்ற படமாக எடுத்த சினோன்யே சுக்வு, சிறுவனை அடிக்கும் காட்சியே வேண்டாம் என்று முடிவெடுத்தார்; உடலைத் தொட்டுத் தடவும் தாயை மறைக்கவில்லை. நம்மிடமும் இதற்குச் சான்று உண்டு. பூமணியின் ‘வெக்கை’ நாவலை வைத்து வெற்றிமாறன் எடுத்த ‘அசுரன்’ படத்தில் மூத்த மகனின் தலையில்லாத உடலுக்கு முன்னால் பெற்றவர்கள் நிற்கும் இடம், அதன் எல்லாச் சண்டைக் காட்சிகளையும்விடக் கொடூரமானது, அதுவே நியாயமானதும். அதே படத்தில் அப்பன் வேல்கம்பெடுத்து வரிசையாகக் குத்திச் சாய்க்கும் காட்சிகள் அரங்கில் கைதட்டலை வாங்கின. அந்தக் கைதட்டலை நான் புரிந்துகொள்கிறேன். தலைமுறைகளாக அடிவாங்கியவர் திரையிலாவது திருப்பி அடித்தால் மனம் ஆறும். ஆனால், அந்தத் துண்டை வெட்டி எடுத்தால் அது எந்தச் சாதிக்காரன் கைப்பேசியிலும் பொருந்தும். தலையற்ற உடலின் முன் நிற்கும் தாய் அப்படிப் பொருந்தமாட்டாள்.

‘இத்தகைய படங்களே சாதி மோதலைக் கிளப்புகின்றன, எடுக்காமல் விட்டால் ஊர் அமைதியாக இருக்கும்’ என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் பட்டியல் சாதியினர்மீதான குற்றங்களாக நாட்டில் 57,582 வழக்குகள் பதிவானதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அவற்றைப் படம் பார்த்துவிட்டு யாரும் செய்யவில்லை. புதுக்கூரைப்பேட்டையில் விஷம் ஊற்றியபோது மாரி செல்வராஜ் ஒரு படமும் எடுத்திருக்கவில்லை. ரத்னவேலு துண்டுகள் பரவிய அதே 2023இல், ஆகஸ்ட் மாதம், நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு உண்டென்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஆனால் வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவனும் வளர்ந்த அதே திரையில்தான் அந்தத் துண்டுகளும் ஓடின. அந்தக் கொடுமைக்குப் பின் பள்ளிகளில் சாதியைக் களைய வழி சொல்லுமாறு நீதியரசர் கே.சந்துருவை அரசு அமர்த்தியது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் மென்பொருள் பொறியாளரான ஓர் இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். ‘பரியேறும் பெருமாள்’ நடக்கும் அதே நெல்லைச் சீமையில்தான். ஆணவக்கொலைகளைத் தடுக்கச் சட்டம் பரிந்துரைக்க நீதியரசர் கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அந்த அக்டோபரில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. ஆணவக்கொலைகளைத் தடுக்க உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது 2018 மார்ச்சில். பரியனின் படம் வருவதற்கு ஆறு மாதம் முன்பு.

ஆகையால் திரைக்கலைஞர்களிடம் நான் கேட்பது தணிக்கையோ அடக்கமோ இல்லை. கொல்கிறவனுக்கு நீங்கள் தருகிற ஒவ்வொரு மெதுவோட்டத்தையும், ஒவ்வொரு பின்னணி இசையையும் எண்ணிப்பாருங்கள். திறமையான நடிகரைக் கொடியவனாக நடிக்கவைக்கும்போது அவருடைய கண்ணின் ஈர்ப்பு உங்கள் வாதத்தைத் தின்றுவிடும் என்பதை ரத்னவேலுவிடம் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மாற்று என்ன என்று தேடி வெகுதூரம் போகவேண்டாம். மாரி செல்வராஜே ரத்னவேலுவுக்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பு அந்தக் கிழவனை நமக்குக் கொடுத்திருந்தார்.

பள்ளிக் கல்வித் துறையிடமும் ஒன்று கேட்கிறேன். அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிட்டு, மாணவரைப் பேசவைக்கும் திட்டம் 2022 முதல் நடக்கிறது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ‘பரியேறும் பெருமாள்’ படத்தை அதில் சேருங்கள். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் கவுஞ்சியிலும் இருந்து வருகிற பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாக இல்லாமல், முழுப் படமாகப் போட்டுக்காட்டுங்கள். கருப்பி சாகும் இடத்தையும் தாண்டிவிடாதீர்கள். முடிந்ததும் உடனே மணி அடித்து வீட்டுக்கு அனுப்பிவிடாமல், கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதி அரை மணி நேரம் அவர்களைப் பேசவிடுங்கள்: பேருந்திலிருந்து விழுந்தவன், ஆற்றில் மூழ்கியவன், தூக்கில் தொங்கியவள் ஆகிய மூவரைப் பற்றியும் மறுநாள் செய்தித்தாள் என்ன எழுதியிருக்கும்?